ஊமைச்சியின் பதில்

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்களேன். அதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, உங்க காதுல விழலையா?”

“விழுது.”

“விழுந்துமா சும்மா உக்காந்திருக்கீங்க?”

“நிறுத்தினா இன்னும் ஜாஸ்தியா கத்தும்.”

“கத்தட்டும். கத்திக் கத்தி ஓயட்டும். செத்தவ வரமாட்டான்னு அதுக்கு ஒருநாள் தெரிஞ்சுதானே ஆகணும்?”

“மெதுவாப் பேசு. பக்கத்துல அக்கா இருக்காங்க.”

“அக்காவுக்குத் தெரியாதது என்ன இருக்கு இந்த வீட்டுல? சுவரா இது? பேருக்கு ஒரு வரிசை செங்கல். அக்கா, உங்களுக்குக் கேக்குதுல்ல?”

கேட்டது. அறுந்த பள்ளிக்கூடப் பையின் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதில் சொன்னால் ஒட்டுக்கேட்ட மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகும். மெஷினை மறுபடி மிதித்தேன். அந்தச் சத்தத்தையும் தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பறவை கூப்பிட்டது. கூப்பிட்ட கையோடு இன்னொரு பறவை பதில் சொன்னது.

அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு பறவைதான்.

நான் பை, பெட்டி, குடை எல்லாவற்றுக்கும் ஜிப்பு, வார், கம்பி மாற்றிக் கொடுப்பவள். என் கடையை ஒட்டின கடையும் வீடும் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவருடையது. தெருவில் அவருக்குப் பெயர் ‘சவுண்டு’. பெயர் வைத்தவன் நல்ல குசும்பன். ஏனென்றால் மனிதர் வாயைத் திறந்து பேசினால் எதிரில் நிற்பவன் குனிந்துதான் கேட்கவேண்டும். “ஊருக்கெல்லாம் சத்தம் ஏத்திக் கொடுத்துட்டு வீட்டுக்கு மிச்சம் வைக்கல” என்று அவர் மனைவியே சொல்வாள். அந்த வீட்டில் ஒலிபெருக்கி அவள்தான். விடுதி ஒன்றின் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை அவளுக்கு. விடிவதற்கு முன் போய் மத்தியானம் திரும்புவாள். எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் வெங்காய வாசனை போகாது. வந்ததும் என் கடை வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கு விடுதியில் யார் யாரைத் திட்டினார்கள் என்று ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

அவர் வேலையை நான் நின்று பார்த்திருக்கிறேன். கிழிந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் சுற்றிலும் அறுத்து எடுப்பார். காந்தத்துக்கு நடுவில் தலைமுடி அளவு இடுக்கு ஒன்று இருக்கும். அதில் துருப்பொடி ஒட்டியிருந்தால் டேப்பை மடித்து விட்டு ஒற்றி எடுப்பார். பிறகு புதுக் கம்பிச் சுருளை இடுக்கில் இறக்கி, நாலு பக்கமும் மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி, விளிம்பில் பசை ஓட்டி, மேலே எடை வைத்துக் கவிழ்த்துவிடுவார். அது காயும்வரை காற்றாடி போடமாட்டார். ஒரு தூசு இடுக்கில் விழுந்தால் போயிற்று. கதவையும் சாத்திவிடுவார். காய்ந்த பிறகு பிலிமை உருவிவிட்டு, கூம்பை இரண்டு கட்டை விரலாலும் அமுக்கி, காதை ஒட்ட வைத்துக் கேட்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. அவர் மட்டும், “லேசா உரசுதுக்கா” என்பார். அப்படி ஒரு காது.

அந்தப் பசைக்கும் அதைக் கரைக்கும் திரவத்துக்கும் ஒரு நெடி உண்டு. மழைக்காலத்தில் கதவு சாத்தியிருந்தால் சுவரைத் தாண்டி என் கண் எரியும். “உங்களுக்கு எப்படித்தான் மூச்சு முட்டாம இருக்கோ” என்று கேட்டால், “பழகிடுச்சுக்கா” என்பார்.

பறவைகள் அவருடைய மகளுடையவை. ஒரே மகள். நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போவதற்கு முன்னால் அவள் ஆசைப்பட்டு வாங்கி வந்த ஜோடி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செங்கல் நிறத்தில் வட்டப் பொட்டு. காக்டெயில் என்று பெயர் சொன்னாள். “என்னடி இது, சரக்குப் பேரா இருக்கு” என்றாள் அம்மாக்காரி. ஆண் பறவை கண்ணாடிக்கு முன்னால் கொண்டையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ‘மாப்ளே’ என்று பெயர். கூண்டைத் திறந்தால் பறந்து போய் அடுப்படியில் அம்மாவின் தோளில் உட்கார்ந்துகொள்ளும். “இந்த வீட்டுக்கு வந்த முதல் மாப்பிள்ளை. சீர் செனத்தி எதுவும் கேக்கல, தலையில எச்சம் மட்டும்தான் போடுறார்” என்று அவள் பெருமையாகச் சொல்வாள்.

பெண் பறவை அதற்கு நேர் எதிர். கூண்டு திறந்திருந்தாலும் வெளியே வராது. சத்தமே போடாது. ஊமைச்சி என்று பெயர். ஆனால் மாப்ளே அடுப்படிக்குப் போய், கண்ணுக்கு மறைந்தவுடன் அங்கிருந்து ஒரு குரல் கொடுக்கும். அப்போது மட்டும் ஊமைச்சி கூண்டிலிருந்து ஒரே ஒரு தடவை பதில் சொல்லும். க்வீ... யூ. அவ்வளவுதான். அதைக் கேட்டபிறகு மாப்ளே நிம்மதியாக வெங்காயத் தோலைக் கொத்தப் போய்விடும்.

மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அந்தக் குரலைத் தன் போனில் பதிவு செய்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் டீயைக் கலக்கிக்கொண்டே நின்றாள். அடுப்படியில் அம்மாவும் மாப்ளேயும். ஊமைச்சி வாயைத் திறக்கக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கிடைத்தது. அதை அப்பாவுக்கும் அனுப்பிவிட்டுப் போனாள். “உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கச் சொல்லி அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்” என்று கூண்டிடம்தான் விடைபெற்றாள். அப்பா வேறு பக்கம் திரும்பி ஒரு ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஊமைச்சி செத்தது ஒரு மழை நாளில்.

வழக்கமாகக் கூண்டு முன் வராந்தாவில் இருக்கும். அன்று சாரல் கூண்டுக்குள் அடித்தது. சவுண்டு அதைத் தூக்கிப் பட்டறைக்குள் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். மாப்ளே உள்ளே அம்மாவின் தோளில். இவர் அவசர வேலையில் இருந்தார். பெரிய ஸ்பீக்கர்கள், மாலைக்குள் வேண்டும் என்று யாரோ உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பசை ஓட்டினார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, காயட்டும் என்று உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டார். மனைவி முட்டை அவித்து வைத்திருந்தாள். மழைக்குச் சுகமாக இருந்தது என்று கொஞ்சம் கண்ணும் அயர்ந்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து மாப்ளே குரல் கொடுத்தது. பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தது.

“என்னங்க, இன்னிக்கு ஊமைச்சி நிஜமாவே ஊமையாயிட்டா போல” என்று சிரித்துக்கொண்டே அவள் சொன்னாளாம். அதை நினைத்து நினைத்து அப்புறம் என்னிடம் அழுதாள். “சிரிச்சேன்க்கா. நான் சிரிச்சேன்.”

ஊமைச்சி கூண்டின் தரையில் கிடந்தது. சவுண்டு அதை ஒரு ஸ்பீக்கர் துணியில் சுற்றி, மாப்ளே பார்ப்பதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டே குழி தோண்டியதை என் பின் கதவிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

மாப்ளேயைப் பொறுத்தவரை, அது அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது, அவள் இல்லை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

“பாப்பாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். பரீட்சை” என்றார் சவுண்டு. சரி என்றாள் மனைவி. பரீட்சை முடிந்தது. “புதுசா வார்டுல போட்டிருக்காங்களாம். முதல் வாரம், பயந்துபோயிருக்கா” என்றார். அதுவும் சரி. நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்டாலாவது ஒருநாள் நடக்கும். கெட்ட சேதியைத் தள்ளிப்போட்டால் அது அங்கேயே வேர் விட்டுவிடும்.

மாப்ளே கத்துவதை நிறுத்தி, நெஞ்சில் இருக்கும் இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. பறவை டாக்டரம்மாவிடம் கொண்டு போனார்கள். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “இதுங்க கூட்டத்துல வாழுற ஜாதி. கண்ணுக்குத் தெரியலைன்னா ‘இருக்கியா’ன்னு ஒண்ணு கேக்கும், ‘இருக்கேன்’னு இன்னொண்ணு சொல்லும். இப்ப இதுக்குச் சொல்ல ஆளில்லை. வீடு காலையில இருந்து வெறிச்சுனு இருக்கும்ல? இயற்கையான பறவைச் சத்தம் போட்டு விடுங்க. ஒரு கூட்டமா மேயற சத்தம், இலை, தண்ணி, அந்த மாதிரி. காலையில கொஞ்ச நேரம், மெல்லிசா. அப்புறம் நிறுத்திடணும். நாள் பூரா போட்டா அதுவும் ஒரு தொந்தரவுதான். மத்தியானம் காடு கூட அமைதியாத்தான் இருக்கும். சத்தம் போடுற நேரத்துல நீங்களும் பக்கத்துல உக்காந்து கொஞ்சம் பேசுங்க.”

“பேசறதுக்கு இவளை உக்கார வைக்கிறேன்” என்றார் சவுண்டு. அவர் செய்த கடைசிக் கேலி அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஏதோ காட்டுச் சத்தத்தைப் பிடித்து வந்து போட்டார். என் கடைக்கே நன்றாக இருந்தது. குளக்கரையில் நிற்கிற மாதிரி. மாப்ளே தலையைச் சாய்த்துக் கேட்டது. திடீரென்று அந்தப் பதிவுக்குள் எங்கோ உயரத்தில் ஒரு பருந்து கத்தியது. அவ்வளவுதான். மாப்ளே கம்பியில் அடித்துக்கொண்டு கீழே விழுந்து, மூலையில் ஒடுங்கி, அன்று முழுக்கத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

“முழுசாக் கேட்டுட்டுப் போடமாட்டீங்களா?” என்று மனைவி சத்தம் போட்டாள்.

“யாரோ எவனோ எங்கேயோ எடுத்தது. அதுல என்ன இருக்குன்னு யார் கண்டா? நம்ம வீட்டுச் சத்தம் இருக்கே நம்மகிட்ட” என்றார் அவர்.

பருந்து இல்லாத வேறு சத்தம் ஒன்றைத் தேடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் தொழில் தெரிந்த மனிதர். தொழில் தெரிந்தவனுக்கு இருப்பதை விட நன்றாகச் செய்துவிடலாம் என்று ஒரு அரிப்பு எப்போதும் உண்டு. மகள் அனுப்பிய ஊமைச்சியின் குரலை எடுத்தார். முன்னும் பின்னும் இருந்த அடுப்புச் சத்தத்தை, தெருச் சத்தத்தை எல்லாம் வெட்டினார். குரலின் பின்பாதியில் ஒரு டீ ஸ்பூன் டம்ளரில் படுகிற ‘டிங்’ இருந்தது. “அதை எடுத்தா குரலும் சேந்து போயிடுதுக்கா. இருந்துட்டுப் போகட்டும், யார் கேக்கப் போறா” என்றார். பிறகு ஒரு சின்னப் பெட்டி செய்தார். அதில் ஒரு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர், முன்னால் கறுப்புத் துணி. மாப்ளேயின் குரல் மைக்கில் விழுந்தால் உடனே ஊமைச்சியின் குரல் ஸ்பீக்கரில் வரும்.

பெட்டியைக் கூண்டுக்குள்ளேயே கம்பியில் மாட்டினார். மாப்ளே ஒருதடவை, பழக்க தோஷத்தில், ஈனஸ்வரத்தில் ஒரு குரல் விட்டது.

க்வீ... யூ, என்றது பெட்டி.

அதன் கொண்டை எழுந்ததை நான் பார்த்தேன். ஒரு பறவைக்கு முகம் மலரும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கம்பி மேல் ஓடிவந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றி, கூப்பிட்டது, பதில் வாங்கியது, கூப்பிட்டது, பதில் வாங்கியது. சாப்பிட்டது. குளித்தது. சவுண்டு முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு, “போங்க, உங்க கைக்கு ஒரு காப்பு போடணும்” என்றாள்.

இடையில் குக்கர் விசிலுக்கும் பெட்டி பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. “ஐயோ அக்கா, சோறு வெந்தா செத்தவ பதில் சொல்றா!” என்று அவள் அலறிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். சவுண்டு ஏதோ திருகி அதைச் சரி செய்தார். அந்த வீட்டு ஆட்கள் சிரித்து நான் கேட்டதும் அதுதான் கடைசி.

மாலையில் மகள் போன் செய்வாள். “குடும்பத்தைக் காட்டுங்க” என்பாள். இருட்டில் கூண்டு சரியாகத் தெரியாது என்று சொல்லி, போனைக் கூண்டருகில் பிடிப்பார்கள். மாப்ளே கூப்பிடும். ஊமைச்சி பதில் சொல்லும்.

“நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காம்மா.”

முதல் தடவை அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம். அப்புறம், “சரிப்பா. நீங்க சாப்டீங்களா?” என்றாளாம்.

இப்படியே போயிருந்தால் நல்ல கதை. ஆனால் உயிருள்ளது ஒருதடவை ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அல்லது பறந்து பக்கத்தில் வந்து உட்காரும். பெட்டி வரவே வராது. ஆனால் பதில் மட்டும் சொல்லும். ஒவ்வொரு தடவையும் சொல்லும். மாப்ளே விடாமல் கூப்பிட்டது. இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். அப்புறம் ஏன் வரமாட்டேன் என்கிறாய்? சாப்பிட நேரம் இல்லை அதற்கு. தூங்குவதற்கு மட்டும் இருட்டு வரவேண்டும். குரல் முதலில் உடைந்தது. பிறகு கரகரத்தது. மெலிந்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி தெரிந்தது. நிறுத்தினால் கூண்டில் முட்டிக்கொண்டது. அதனால் நிறுத்தவும் பயம்.

“பாப்பாகிட்ட சொல்லிட்டு இதைக் கழட்டிடுங்க” என்பாள் மனைவி.

“லீவுக்கு வரட்டும். நேர்ல சொல்லிக்கலாம்.”

“அதுவரைக்கும் இது உயிரோட இருக்கணுமே?”

“இருக்கும்.”

“அந்தப் பெட்டி அதுக்கா, உங்களுக்கா?”

நீங்கள் முதலில் கேட்ட சண்டை அதற்கு அடுத்த நாள் நடந்தது. மகள் வருவதாகச் சொல்லியிருந்த வாரம்.

மகள் வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்தாள். பஸ்ஸில் இழுத்ததில் பை ஜிப்பு வாயைப் பிளந்திருந்தது.

“பெரியம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். ஜிப்பை ஓட்டும் ரன்னரைக் குறடால் கழற்றிக்கொண்டே படிப்பு, சாப்பாடு என்று ஏதோ கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாப்ளே கூப்பிட்டது. பெட்டி பதில் சொன்னது. டிங்.

அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். “பெரியம்மா, ஊமைச்சி எப்ப செத்துச்சு?”

குறடைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“அந்த ஸ்பூன் நான் கலக்கினது. முதல் நாளே போன்ல கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல அதே டிங். எந்தப் பறவை டீ கலக்கிட்டே பேசும்?”

“அப்பவே கேட்டிருக்கலாமேம்மா.”

“எப்படிக் கேக்கறது? அப்பா எனக்காக உக்காந்து இவ்வளவு செஞ்சு வெச்சிருக்கார். தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா அவர் உடைஞ்சுபோயிடுவார். இப்பவும் தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். கூண்டுக்கு ரொம்பக் கிட்ட போகாம, தூரத்துல இருந்தே பாத்துட்டு...”

நான் ஜிப்பை மாட்டி இழுத்துக் கொடுத்தேன். “எதுக்கும் கிட்டப் போய்ப் பாரு” என்று மட்டும் சொன்னேன்.

அவள் கூடவே நானும் போனேன். சவுண்டு மேஜையருகில் எழுந்து நின்றார். கையில் பசை டப்பா. “வாம்மா” என்றார், யாருக்கும் கேட்காத குரலில். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கட்டிக்கொள்ளாமல் கூண்டுக்கு முன்னால் மறைத்த மாதிரி நின்றாள். “முதல்ல கை கால் கழுவிட்டு வாடி. டீ போடறேன்.”

மகள் அம்மாவைத் தோளில் பிடித்து மெதுவாக நகர்த்தினாள்.

மாப்ளே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நெஞ்சு மொட்டையாக, உரித்த கோழி மாதிரி இருந்தது. அது தலையை மேலும் கீழும் ஆட்டி, தொண்டையிலிருந்து தின்ற தானியத்தைக் கொண்டுவந்து, பெட்டியின் கறுப்புத் துணியில் வைத்துத் தேய்த்தது. துணி முழுக்க இப்படி வைத்தது காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“அப்பா.” அவள் குரல் மாறிப்போயிற்று. “அது ஊட்டுதுப்பா. பெட்டிக்கு ஊட்டுது.”

“தெரியும்மா. தினம் காலையில தொடச்சு விடறேன்.”

“அது சாப்பிடறதை எல்லாம் இதுக்குத்தான் கொடுக்குதா?”

அவர் தலையை ஆட்டினார். பசை டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஊமைச்சி...” என்று ஆரம்பித்தார். “கதவைச் சாத்தியிருந்தேம்மா. மழை. பசை நெடி. எனக்குப் பழகிடுச்சு, அதுக்கும் பழகியிருக்கும்னு...”

“எனக்கு ஸ்பூன் சத்தம் கேட்டுச்சுப்பா. முதல் நாளே.”

உரசலைக் காதாலே கண்டுபிடிக்கிற மனிதர் அப்படியே நின்றார். அம்மா மகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

“அப்ப தெரிஞ்சுதான் தினம் ‘நல்லா இருக்காளா’ன்னு கேட்டியா?”

“நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்மா.”

“நாசமாப் போச்சு” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் உன் மனசு நோகக் கூடாதுன்னு வாய மூடினேன். நீ அப்பா மனசு நோகக் கூடாதுன்னு மூடின. அவரு ரெண்டு பேருக்கும் சேத்து மூடிட்டாரு. நம்ம மூணு பேரும் ஊமையா இருந்ததுக்கு, பேசத் தெரிஞ்ச அது ஒண்ணுதான் தொண்டை கிழிஞ்சு கிடக்கு.”

சவுண்டு டப்பாவை மூடினார். வாசல் கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்தார். கூண்டுக்குள் கையை விட்டுப் பெட்டியின் வயரை உருவினார். சின்ன வயர்தான். உருவிய சத்தம் கூட வரவில்லை.

மாப்ளே கூப்பிட்டது.

ஒன்றும் வரவில்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது. பெட்டியை அலகால் தட்டியது. கூப்பிட்டது. நான்தான் முதலில் தாங்கமுடியாமல் வெளியே போகப் பார்த்தேன். சவுண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அது மறுபடி கூப்பிட்டபோது, கம்பியில் முகத்தை வைத்துச் சொன்னார்.

“இல்லடா, மாப்ளே. அவ இல்லை.”

அது கூப்பிட்டது.

“இல்லடா. போயிட்டா.”

இப்படியே. ஒவ்வொரு தடவைக்கும். சலிக்காமல், பெட்டி சொன்ன மாதிரியே உடனுக்குடன். அந்த மனிதர் அவ்வளவு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. நடுவில் மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கலக்கிக் கொண்டுவந்த டீயை யாரும் தொடவில்லை. அதைக் கலக்கும்போது ஸ்பூன் டம்ளரில் பட்டுவிடாமல் அவள் விரலால் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெளிச்சம் மங்கும்போது மாப்ளே கூப்பிடுவது நின்றது. அப்புறமும் அவர் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மாப்ளே என் கடையில் இருக்கிறது. அங்கே நெடி வேண்டாம் என்று மகள்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கிழக்குப் பார்த்த ஜன்னல். காலையில் டாக்டரம்மா சொன்ன மாதிரி கூட்டம் மேயற சத்தத்தை மெல்லிசாகப் போடுகிறேன். பருந்து இல்லை, நானே உட்கார்ந்து முழுசும் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன். பிறகு நான் பாட்டுக்கு ஜிப்பு, வார் என்று அதனிடம் பேசிக்கொண்டு தைக்கிறேன். சாப்பிடுகிறது. நெஞ்சில் ஊசி ஊசியாக இறகு முளைக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிஜக் குருவிகள் சண்டை போட்டால் கொண்டையைக் கொஞ்சம் தூக்குகிறது.

ஆனால் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இப்போது அதுதான் ஊமை.

சவுண்டு தினமும் வாசல்வரை வருவார். உள்ளே வரமாட்டார். “சாப்டுச்சாக்கா?” என்பார். சாப்பிட்டது என்பேன். “கூப்டுச்சா?” என்பார். இல்லை என்பேன். அந்த ‘இல்லை’யைக் கேட்டு அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் பட்டறையில் இப்போது மழை நாளிலும் கதவு திறந்தே இருக்கிறது. தூசு விழுந்தால் விழட்டும் என்கிறார்.

அவர் மனைவி நேற்று ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பறவை வளர்ப்பவர்கள், ஜோடியில் ஒன்றை இழந்த பறவையோடு இருந்தவர்கள், யாராக இருந்தாலும் தயவுசெய்து இதன் கீழே எழுதுங்கள். இன்னொரு பறவையைக் கொண்டுவரலாமா, அதற்கு முன்னால் எத்தனை காலம் விடவேண்டும், காலைச் சத்தம் போதுமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். உங்கள் பறவை பிழைக்கவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை அவர்கள் இரண்டு பேருக்கும் நான் வாசித்துக் காட்டுவேன். ஆனால் முதலில் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

“அக்கா, அது மறுபடியும் ஒருநாள் ‘இருக்கியா’ன்னு கேட்டுச்சுன்னா, யாரு என்னன்னு பதில் சொல்றது?”